பதினாறு பல் சக்கரம்

மகனே,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் கோபத்தை இறக்கி வைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். பத்து நாள் முன்னால் ஓசூரிலிருந்து லீவில் வந்தாயே, அப்போது யாரிடமும் சொல்லாமல் நம் பைக்கின் இன்ஜினில், செயினை இழுக்கிற இடத்தில், ஒரு பதினாறு பல் சக்கரத்தை மாட்டிவிட்டுப் போனாய். அதை நேற்றுக் கழற்றிவிட்டேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் உன் அம்மா படிப்பாள். உனக்கு நிச்சயம் செய்திருக்கிற சுகன்யாவும் படிப்பாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவர்கள் இருவரும் சரியென்று சொன்ன பிறகுதான் தபாலில் போடுவேன்.

நடந்ததைக் கேள். நீ கிளம்பிப் போனது போன வாரம் திங்கட்கிழமை. அன்றைக்கு வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கடைவீதி வரை போனேன். இன்ஜின் சத்தமில்லாமல் பூப்போல ஓடியது. பையன் ஏதோ நல்லபடியாக ட்யூனிங் செய்திருக்கிறான் என்று உன் அம்மாவிடம் மெச்சிக்கொண்டேன். அந்த வார்த்தையை இப்போது திரும்பப் பெறுகிறேன். மறுநாள் பெருமாநல்லூர் கம்பெனியிலிருந்து தைக்கவேண்டிய கட்டிங் துணியை எடுத்து வந்தோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பண்டல், பின்னால் ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா. பத்து வருடமாக இப்படித்தான் வருகிறோம், உனக்குத் தெரியாததா? ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியரில் திணறியது, முதல் கியருக்கு இறக்கினேன், அதற்குள் நின்றேவிட்டது. முன்னால் பஸ். பின்னால் ஒரு டெம்போ, அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறான். வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது.

"ஏனுங்க, வண்டி பின்னால போவுதுங்க!" என்று கத்திக்கொண்டே உன் அம்மா குதித்துவிட்டாள். குதித்த வேகத்தில் முழங்கால் தரையில் தேய்ந்தது. ஒரு பண்டல் அவிழ்ந்து வெள்ளைத் துணி பாலமெங்கும் சிதறியது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு கால் ஊன்றி நிற்கிறேன், ஐம்பத்தெட்டு வயதில். பானிபட்டிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ வந்த இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து துணியைப் பொறுக்கித் தந்தார்கள். அவர்கள் பேசிய இந்தி எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் சொன்ன நன்றி அவர்களுக்குப் புரிந்திருக்கும். மிச்சப் பாலத்துக்கு உன் அம்மா ரத்தம் வழிகிற காலோடு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினாள். மண் பட்ட பீஸையெல்லாம் கம்பெனிக்காரர்கள் திருப்பிவிடுவார்களோ என்று வழியெல்லாம் அவளுக்கு அதே கவலை. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இருபது வருடம் பனியன் கம்பெனிகளில் மெக்கானிக்காக இருந்தவன் நான். வீட்டுக்கு வந்து இன்ஜினின் இடது பக்க மூடியைக் கழற்றினால், உள்ளே புத்தம் புதிய சக்கரம் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எண்ணினேன். பதினாறு பல். நம் வண்டிக்கு வந்தது பதினான்கு. அந்த மூடிக்குள் உரசாமல் அதை எப்படித்தான் நுழைத்தாயோ, அந்த வித்தைக்கு மட்டும் உன்னைப் பாராட்டலாம். பின் சக்கரத்தைத் தளர்த்தி, செயினுக்கு இடம் கொடுத்து, எல்லாம் ஒழுங்காகவே செய்திருக்கிறாய். வேலையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். நான் கொதிப்பது வேலையைப் பார்த்தல்ல.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலைப்பா. ஹைவேல இன்ஜின் கத்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்பப் பாருங்க, பெட்ரோலும் மிச்சம். உங்களுக்கு நல்லதுன்னுதான் பண்ணினேன்." பாலத்தில் நின்றுபோனதைச் சொன்னேன். "அப்ப லோடை ரெண்டு நடையா எடுங்கப்பா" என்றாய். பழைய சக்கரம் எங்கே என்று கேட்டதற்கு, "தேஞ்சு போச்சுப்பா, பழைய இரும்புக்கடையில போட்டுட்டேன்" என்றாய். அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். சனிக்கிழமை வரை இரண்டு நடையாகத்தான் எடுத்தோம், ஐயா. உன் ஒரு சர்ப்ரைஸுக்காகப் பெருமாநல்லூருக்கும் ராயபுரத்து நம் வீட்டுக்கும் இரட்டிப்பாக அலைந்தோம். உன் மிச்சப் பெட்ரோல் அந்த நான்கு நாளிலேயே புகையாகிவிட்டது.

உனக்குப் பாடம் எடுக்க எனக்கு ஆசையில்லை, நீ இன்ஜினியர். இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. செயினை இழுக்கிற முன் பல்சக்கரத்தில் பல் கூடினால் வண்டிக்கு வேகம் வரும், இழுவை போய்விடும். பல் குறைந்தால் வேகம் போகும், இழுவை வரும். இது உனக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். நீ மாட்டியதும் பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தாய், நானே பார்த்தேன், எதற்கென்றுதான் அப்போது தெரியவில்லை. தனியாக, வெறும் வண்டியில், முதுகில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாமல். பண்டலைக் கட்டிப் பார்க்கவில்லை. அம்மாவை உட்காரவைத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் இதில் உட்காருகிற எங்கள் இருவரிடமும் "மாத்தட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

சரி, பையன் ஆசையில் செய்துவிட்டான், போகட்டும் என்று ஒரு வாரத்தில் நானே ஆறிப்போயிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுகன்யா வந்தாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்ன கண்ணு என்று உன் அம்மா கேட்டதும் போனை எடுத்து எங்களிடம் நீட்டினாள். நீ அனுப்பியிருந்த ராஜினாமாக் கடிதம். அவள் பெயர், அவள் கம்பெனி விலாசம், 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற காரணம், கடைசி வேலை நாள் என்று எல்லாம் நீயே டைப் செய்திருக்கிறாய். கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாய். எவ்வளவு பெருந்தன்மை! அதற்கும் கீழே ஒரு மெசேஜ்: 'பிரிண்ட் எடுத்து சைன் பண்ணிக் குடுத்துடு. ஓசூர்ல வீடு பார்த்தாச்சு. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்.'

அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? பெருமாநல்லூர் கம்பெனியில் பேட்டர்ன் வரைகிறாள் என்று தெரியும். ஒரு பனியனின் கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று அவள் வரைவதை வைத்துத்தான் அங்கே ஆயிரக்கணக்கில் துணி வெட்டுகிறார்கள். நாங்கள் பாலத்தில் சிதறவிட்ட பண்டல்கூட அவள் வரைந்த அளவில் வெட்டியதாக இருக்கும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே இருக்கிற பேட்டர்ன் மாஸ்டர் அடுத்த மாதம் வேலையை விட்டு நிற்கிறாராம். அந்த இடத்துக்கு இவளைப் போடப்போகிறார்களாம். எட்டு ஆண்கள் இருக்கிற செக்‌ஷனுக்கு ஒரு பெண் மாஸ்டர். உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று ஆசையாக வைத்திருந்தாளாம். அதற்குள் உன் கடிதம் வந்து சேர்ந்தது.

"எனக்கு நல்லதுக்குத்தான் பண்ணுறாருங்க மாமா, அது தெரியுதுங்க" என்றாள். "அதனாலதான் கோவப்படக்கூட முடியலைங்க. கையெழுத்துப் போடவும் மனசு ஒப்பலை. போடலைன்னா கல்யாணமே வேண்டாங்கற மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்குதுங்க."

எனக்கு அங்கேயே ரத்தம் தலைக்கேறியது. கல்யாணப் பத்திரிகை அடித்து ஒறம்பரை, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பாதி கொடுத்தாகிவிட்டது. ஒரு பெண், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கல்யாணம் நடக்குமா என்று என்னைக் கேட்கிறாள். யாரால்? உன்னைப் போனில் பிடித்துக் கிழித்துவிடலாம் என்று எழுந்தேன். "என்ன நினைச்சுட்டு இருக்கறான் அவன்? ஒரு வார்த்தை கேக்கறதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று இப்போது சொல்லியாகவேண்டும். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டுப் பவர் டேபிள் ஆரம்பித்தோம். கம்பெனியில் வெட்டித் தருகிற துணியைத் தைத்துத் திருப்பித் தருகிற வேலை. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உன் அம்மா உட்காருவாள். ஒரு சமயம் எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒன்று, இரண்டு நாள் முன்னதாகவே வேண்டும் என்று கம்பெனியில் குதித்தார்கள். அன்றைக்கு அவள் ஊத்துக்குளியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் மெஷினின் மோட்டாரில் பெல்ட் ஓடுகிற சின்னப் புல்லியைக் கழற்றிவிட்டுப் பெரிய புல்லியை மாட்டினேன். பெல்ட்டையும் அடுத்த அளவுக்கு மாற்றினேன். மோட்டாரில் புல்லி பெரிதானால் மெஷின் பறக்கும். ஒரு துண்டுத் துணியை விட்டு ஓட்டிப் பார்த்தேன், அருமையாகத் தைத்தது. நீ பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்த மாதிரியேதான்.

மறுநாள் ஒரு தூக்குப் போசி வெண்ணெயோடு வந்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மெஷினில் உட்கார்ந்தாள். பெடலைத் தொட்டதுமே கையை எடுத்துக்கொண்டாள். "ஏனுங்க, மிசினு என்னமோ வெசையா ஓடுதுங்க" என்றாள். "சர்வீஸ் பண்ணியிருக்கேன், அப்படித்தான் இருக்கும், உக்காந்து அடி" என்றேன். பொய். புல்லியை மாற்றியதைச் சொல்லவில்லை. சீக்கிரம் முடித்தால் அவளுக்குத்தானே ஓய்வு, அவளுக்கு நல்லதுதானே என்று எனக்குள்ளே ஒரு நியாயம் வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து ஊசி இறங்கி, உள்ளேயே ஒடிந்துபோனது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாய். "ஊசி குத்திருச்சு கண்ணு, போச்சாது, சரியாயிரும்" என்றாள். அந்த நகம் இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. சின்ன வயதில் அதைப் பார்த்து நீ சிரிப்பாய், அவளும் கூடவே சிரிப்பாள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அடுத்த நாள் காலையில் ஒற்றைக் கையால் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அவளே அந்தப் புல்லியைக் கழற்றினாள். உதவிக்குப் போனேன், தள்ளி நிற்கச் சொன்னாள். பழைய புல்லியை மாட்டினாள். "பீசு லேட்டானா லேட்டாவட்டுங்க" என்றாள். என்னைத் திட்டவில்லை. கழற்றிய புல்லியைத் தூக்கி எறியவும் இல்லை. கழுவித் துடைத்து, பூனை தள்ளாமல் இருக்க மாவுப் போசியின் மூடிமேல் வைத்தாள். இத்தனை வருடமாக அது அங்கேதான் இருந்தது. நடுவில் ஓட்டையோடு ஒரு இரும்பு வட்டம், நீயும் ஆயிரம் முறை எடுத்து வைத்திருப்பாய், ஏதோ எடைக்கல் என்று நினைத்திருப்பாய். நான் என்னவென்று தெரிந்தே தினமும் பார்த்தேன். அவளும் நானும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை நான். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனைக் கீழே வைத்ததும் உன் அம்மா சமையற்கட்டுக்குப் போய் அந்தப் புல்லியை எடுத்துவந்து சுகன்யாவின் கையில் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் என்னை வைத்துக்கொண்டே சொன்னாள். கடைசியில் சொன்னதுதான் எனக்கே புதிது. "ஊசி எறங்குனது அத்தனை வலிக்கலை சாமி. அந்த மிசினோட சத்தத்தை வெச்சே எந்த நூல் அறுகப்போகுதுன்னு சொல்லுவேன் நானு. அன்னைக்குப் போய் உக்காந்தா அது யாரோ ஊட்டு மிசினாட்ட இருந்துது. எனக்குத்தான் கை ஓடமாட்டேங்குது, வயசாயிருச்சாட்டம்னு நெனச்சு, என்னையவே திட்டிக்கிட்டு அடிச்சேன். சொல்லியிருந்தா சூதானமா அடிச்சிருப்பேன். இல்லாட்டி வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் சொன்னது அவ்வளவும் உண்மை. இத்தனை வயதில், மருமகளாக வரப்போகிற பெண்ணின் முன்னால் உன் அப்பன் குனிந்து உட்கார்ந்திருந்தான். எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருக்கவேண்டியது. 'உங்களுக்கு நல்லதுன்னுதான்' என்ற வார்த்தையை நீ வேறு எங்கிருந்தும் கற்றுக்கொண்டு வரவில்லை. அதற்காக உன் பாதியை நான் தள்ளுபடி செய்துவிடுவேன் என்று மட்டும் நினைக்காதே. நான் செய்தபோது எனக்குச் சொல்ல ஆளில்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

சுகன்யா புல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உன் அம்மாவிடம், "இதை நான் வெச்சுக்கட்டுங்களா அத்தை?" என்று கேட்டாள். பார்த்தாயா, மாவுப் போசி மேலிருந்த ஒரு இரும்புத் துண்டுக்கு அவள் கேட்கிறாள்! கிளம்பும்போது என்னிடம் சொன்னாள். "அவரு கேக்கட்டுங்க மாமா. கேட்டா என்ன சொல்லுவேன்னு எனக்கே இன்னும் தெரியலைங்க. ஓசூர் வர்றேன்னும் சொல்லலாம், ஒரு வருசம் பொறுங்கன்னும் சொல்லலாம். ஆனா கேக்கட்டுங்க." அதுவரை அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழாது. விழக்கூடாது என்றுதான் நானும் சொல்லி அனுப்பினேன்.

நேற்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பினேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக உன் அம்மாவிடம் ஒரு மெஷின் விஷயத்தில் யோசனை கேட்டேன். "பழையபடி பதினாலே வாங்கிப் போட்டுடட்டுமா?" என்றேன். கேட்டுவிட்டு, எதற்குக் கேட்கிறோம், வேறு என்ன சொல்லிவிடப்போகிறாள் என்றும் நினைத்தேன். அவள் முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டே, "பதிமூணு கெடைக்குமாங்க?" என்றாள். "நம்ம என்ன ஹைவேலயா போறோம்? பாலந்தானே ஏறோணும். பண்டல் வெச்சா இன்னும் சுளுவா ஏறும்ல?" என்றாள். நீ படித்த இன்ஜினியர், நான் இருபது வருட மெக்கானிக். நம் இருவருக்கும் தோன்றவில்லை பார். பத்து வருடமாகப் பண்டலைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

பதின்மூன்றுதான் வாங்கினேன். நான் போல்ட்டைக் கழற்றும்போது அவள் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்று காலையில் மூன்று பண்டலோடு மேம்பாலம் ஏறினோம். முக்காமல் முனகாமல் ஏறியது. இன்ஜின் கொஞ்சம் கத்தத்தான் செய்கிறது, கத்தட்டும். பாலத்து உச்சியில் அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பெரிய புல்லி மாட்டியதற்கு அங்கே வைத்துத்தான் மன்னிப்புக் கேட்டேன், வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்னால் பார்த்தபடி. ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். இறக்கத்தில், "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள். குரலை வைத்துச் சொல்கிறேன், கேட்டிருக்கிறது.

நான் செய்ததைப் போல நீ இத்தனை வருடம் இழுக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சுகன்யாவுக்குப் போன் செய். பார்த்துவைத்த வீட்டைப் பற்றிப் பேசாதே, ஓசூரிலும் வேலை கிடைக்கும் என்று ஆரம்பிக்காதே. கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அவள் யோசிக்கிற நேரத்தில் நடுவே புகுந்து நீயே ஒரு பதிலைச் சொல்லிவிடாதே, அந்தப் புத்தி உனக்கு உண்டு, எனக்கும் உண்டு. அவள் என்ன சொன்னாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வா, மற்றதை உட்கார்ந்து பேசுவோம்.

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் ஆறிவருகிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாவுப் போசியின் மேல் இப்போது உன் பதினாறு பல் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. அம்மாதான் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். எடை பற்றவில்லை, நேற்றே பூனை ஒருமுறை தள்ளிவிட்டது. அது உனக்கு வேண்டுமென்றால் வந்து, அவளிடம் கேட்டு எடுத்துக்கொள்.

உன் அப்பன்